மறு: ‘அழிமுத்திரை’ வேண்டாம், ‘சீட்டிடல்’ என்போமா?

வணக்கம்.

செல்லுக்குள் ஒரு புரதத்தின் மேல் யுபிகுவிட்டின் என்ற இன்னொரு புரதம் ஒட்டப்படுவதை (ubiquitination) தமிழில் ‘அழிமுத்திரை இடல்’ எனலாம் என்ற யோசனையைப் படித்தேன். ஓசை நன்றாகவே இருக்கிறது, பொருள்தான் பாதிக்கு மேல் தவறிவிடுகிறது. பாடநூலில் ஏறிவிட்டால் அப்புறம் இறக்க முடியாது, அதனால் இப்போதே சொல்கிறேன்.

2004இல் சிக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவரும் நோபல் பெற்றது யுபிகுவிட்டின் வழியாக நடக்கும் புரதச் சிதைவு பற்றிய ஆய்வுக்காக. அதிலிருந்து யுபிகுவிட்டின் என்றாலே அழிவு என்று பதிந்துவிட்டது. ஆனால் யுபிகுவிட்டின் ஒட்டியிருப்பது முதன்முதலில் தெரியவந்த புரதம் ஹிஸ்டோன் எச்2ஏ (டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதங்களில் ஒன்று), 1977இல். அந்த ஒட்டு ஹிஸ்டோனை அழிக்கச் சொல்வதில்லை. மரபணுவை அடக்கிவைக்கத்தான் உதவுகிறது.

யுபிகுவிட்டின் 76 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். அதன் வால்முனையிலுள்ள கிளைசின் என்ற அமினோ அமிலம், இலக்குப் புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொள்கிறது. ஒட்டிய யுபிகுவிட்டினின் லைசின் மேலேயே அடுத்தது ஒட்டித் தொடராக வளரலாம். எந்த லைசின் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 48ஆம் லைசின் வழியாக நான்கைந்து கோத்தால் புரதம், செல்லின் புரதச் சிதைப்பு எந்திரமான புரோட்டியோசோமுக்குப் போய்ச் சிதையும். 63ஆம் லைசின் வழித் தொடர் டிஎன்ஏ பழுதுபார்ப்புக்கு ஆள் சேர்க்கும். செல் பரப்பிலுள்ள வளர்ச்சிக் காரணி ஏற்பியில் ஒட்டினால், அது உள்ளிழுக்கப்பட்டு, செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்கு அனுப்பப்படும். ஆக, ஒட்டு சொல்வது போகுமிடத்தை.

கடலூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து இங்கே புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது “ஓ.பி. சீட்டு போட்டாச்சா?” என்றுதான். எந்தப் பிரிவுக்குப் போவது என்பது அந்தச் சீட்டில் இருக்கும். எனவே என் பரிந்துரை ‘சீட்டிடல்’. ஒன்று மட்டும் ஒட்டினால் ஒற்றைச்சீட்டு, கோத்தால் சீட்டுத்தொடர், ஒட்டும் நொதிகளின் வரிசையில் கடைசியானது சீட்டிடு நொதி, கழற்றுவது சீட்டுநீக்கி. யுபிகுவிட்டின் என்ற பெயர் அப்படியே இருக்கட்டும்.

‘குறியேற்றம்’ என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அதைக் கணினித் தமிழ்க்காரர்கள் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறைக்கு (encoding) எடுத்துக்கொண்டுவிட்டார்கள். சீட்டு என்றதும் ஏலச்சீட்டு நினைவுக்கு வருமே என்பீர்கள். வரும். ஆனால் உயிரியல் வகுப்பில் யாரும் குழம்ப மாட்டார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் தமிழ் வழியில் படித்துவிட்டு நர்சிங்குக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் மனப்பாடமாக இல்லாமல் புரிந்து வரவேண்டும் என்பதே என் ஆசை.

வேறு சொல் இருந்தால், “சீட்டுநீக்கி கழற்றிவிட்டால் புரதம் தப்பிக்கும்” என்ற வாக்கியத்தில் பொருத்திப் பார்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து