"சரி, நல்ல விஷயம்தான்" என்று, இயேசுவைப் பற்றிக் கேட்டவர் எழுந்து போய்விட்டால் அது மறுப்பா?

கரையோரம் எழுதியது:

பதினாலு வருஷப் பழக்கம் உள்ள நண்பர் ஒருவர். என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரம் ராத்திரித் துணைக்கு நானும் போனேன். ஒருநாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அவரே ஆரம்பித்தார்: "நீ தினமும் ஜெபம் பண்றியே, என்னதான் நம்புறே? சொல்லு."

சொன்னேன். தேவன் நம்மை நேசிக்கிறார், நம்முடைய பாவம் அவரிடமிருந்து நம்மைப் பிரித்துவிட்டது, இயேசு நம் இடத்தில் நின்று சிலுவையில் அதைச் சுமந்தார், மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார், அவரை நம்பி வருகிறவனுக்கு மன்னிப்பு இலவசம். பத்து நிமிஷம் இருக்கும். தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகுவதும் கழற்றுவதுமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "இலவசம்" என்றதும் கை நின்றுவிட்டது.

"அப்போ கொலை பண்ணினவன் கடைசி நேரத்துல மன்னிப்புக் கேட்டா போயிடுவான். உள்ளே படுத்திருக்காளே, எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவ, அவளுக்கு என்ன?"

எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கி, சாகும் நேரத்தில் மன்னிப்புப் பெற்ற கள்ளனைப் பற்றி ஆரம்பித்தேன். பாதியிலேயே "சரி, நல்ல விஷயம்தான்" என்று எழுந்து அம்மாவிடம் போய்விட்டார். நாலாம் நாள் அம்மா காலமானார்.

எட்டு மாதம் ஆகிறது. பழக்கம் குறையவில்லை. அந்தப் பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுப்பதில்லை. இதை மறுப்பு என்று எடுத்துக்கொள்வதா? முதல்முறை இதைக் கேட்டபோது உங்களுக்குள் என்ன நடந்தது? வசனங்கள் எனக்குத் தெரியும், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

—

மழைக்காகிதம் எழுதியது:

எனக்கு வந்தது கோபம். விடுதி அறைத் தோழன் சொன்னான். "எல்லாரும் பாவிகள்" என்ற இடத்திலேயே காது அடைத்துக்கொண்டது. நான் யாரிடம் திருடினேன், யாரைக் கெடுத்தேன்? அவன் கொடுத்த சின்ன புத்தகத்தை அவன் கண்ணெதிரிலேயே கிழித்தேன். அவன் கீழே குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான், ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வருஷம் கழித்து, வேலையில் நான் போட்ட தப்புக் கணக்குக்கு இன்னொருவன் பழி ஏற்றான். என்னைக் காப்பாற்றவேண்டும் என்று அவன் ஏற்கவில்லை, அவன்மேல் சுமத்தினார்கள். நான் வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரிதான் பாவி என்ற வார்த்தை வசவு இல்லை, என் நிலைமை என்று பட்டது. "நம் இடத்தில் நின்று" என்று தோழன் சொன்னதும் கூடவே ஞாபகம் வந்தது. என் இடத்தில் ஒருவன் நின்றதைத்தான் கண்ணால் பார்த்துவிட்டேனே. இவன் மாட்டிக்கொண்டு நின்றான், இயேசு மனசோடு வந்து நின்றார்.

உங்கள் அண்ணன் கேட்ட கேள்வியைப் பாருங்கள். அவர் காதில் விழாமல் போயிருந்தால் "இலவசம்" என்ற இடத்தில் கை நின்றிருக்காது.

—

மூன்றாம் வரிசை எழுதியது:

நான் சபையிலேயே பிறந்து வளர்ந்தவள். எங்களைப் போன்றவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதையும் யாராவது சொல்லவேண்டும். ஒன்றுமே நடக்காது! தேவனுடைய அன்பைச் சொல்லும் யோவான் 3:16 வசனத்தை நாலு வயதில் ஒப்பித்தேன், பரிசும் வாங்கினேன். இருபத்தாறு வயதுவரை அது என்னைத் தொடவே இல்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைப் பற்றிப் படித்தபோது அழுதேன். குருவாக அபிஷேகம் பெற்றவர், கடல் தாண்டி அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்கே போய்த் திரும்பியவர். 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டத்துக்கு மனமில்லாமல் போகிறார். வேதத்தின் ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கிறார். அங்கேதான், கிறிஸ்து என் பாவங்களை, என்னுடையவற்றையே, நீக்கினார் என்ற நிச்சயம் தமக்கு வந்ததாக எழுதிவைத்தார். அதுவரை அவர் எத்தனை பிரசங்கம் செய்திருப்பார்!

—

ஏர்க்கால் எழுதியது:

ஊழியத்தில் இருக்கிறேன். கூட்டத்தில் இயேசுவை ஏற்கிறேன் என்று கை தூக்கினவர்களை எண்ணிச் சந்தோஷப்பட்ட காலம் எனக்கும் உண்டு. மேடைக்கு முன்னால் தேம்பி அழுதவர் மறுவாரம் ஆளே காணோம். விதைக்கிறவன் உவமையில், பின்னால் வேரில்லாமல் உலர்ந்துபோன கற்பாறை நிலத்து விதைதான் உடனே முளைத்தது என்று கர்த்தர் சொன்னதை நாம் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம்.

அத்தேனே நகரத்தில் அப்போஸ்தலன் பவுல் பேசினபோது உயிர்த்தெழுதல் என்றதும் சிலர் இகழ்ந்தார்கள், சிலர் இன்னொருவேளை கேட்போம் என்றார்கள். தியொனீசியு, தாமரி என்ற பெண், இன்னும் சிலர் விசுவாசித்தார்கள். பேசினது ஒரே பேச்சுத்தான். பவுலைக் காவலில் வைத்திருந்த ரோம அதிபதி பேலிக்ஸ் அவர் பேச்சைக் கேட்டு நடுங்கினான், ஆனால் "எனக்குச் சமயமானபோது" என்று தள்ளிப்போட்டான். அப்புறம் அடிக்கடி கூப்பிட்டுப் பேசினதெல்லாம் லஞ்சம் கிடைக்குமா என்றுதான். இரண்டு வருஷம் ஓடியது. நடுக்கம்கூட மனந்திரும்புதல் ஆகிவிடாது தம்பி.

எட்டு மாதம் நீளமாகத் தெரிகிறதா? அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் பர்மாவுக்குப் போனது 1813-ல். முதல் ஆளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819-ல்.

—

எதிர்வீடு எழுதியது:

நான் நம்பாதவன், இருந்தாலும் சொல்கிறேன். என் நண்பன் எனக்கு இதைச் சொன்னான். பொறுமையாகக் கேட்டேன், பல வாரம் யோசித்தேன். என்னால் ஏற்கமுடியவில்லை என்று நேராகச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் என் வீட்டுக்கு வருவது நின்றுபோனது. அதுவரை வந்தது எனக்காகவா, இதற்காகவா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கரையோரம், உங்கள் நண்பர் அன்றைக்கு விவாதம் பண்ணவில்லை. அம்மா சாகப்போகிறாள் என்று பயந்தார். நீங்கள் கள்ளனைப் பற்றிப் பேசினீர்கள்.

—

கரையோரம் எழுதியது:

எதிர்வீடு, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் இங்கே எழுத முடியவில்லை. உங்களுக்கு நடந்ததற்கு உங்கள் நண்பருக்குப் பதிலாக நான் வருத்தம் தெரிவிக்கிறேன்.

நேற்று அண்ணனைப் பார்க்கப் போனேன். "அன்னைக்கு நீங்க கேட்டது அம்மாவை நினைச்சு. அது எனக்குப் புரியலை அண்ணே. அம்மாவைப் பத்தி எனக்குப் பதிலும் தெரியாது, ஆனா தேவன் அநியாயம் பண்ணமாட்டாருன்னு நம்புறேன்" என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

அப்புறம், "அந்தக் கள்ளனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பா, இல்ல?" என்றார்.

இருந்திருப்பாள், அவளைப் பற்றி வேதத்தில் எழுதவில்லை, இயேசுவின் அம்மா சிலுவைக்குப் பக்கத்தில் நின்றதாக இருக்கிறது என்றேன். உயிர் போகிற நேரத்திலும் அவளைத் தம்முடைய சீஷன் ஒருவனிடம் ஒப்படைத்ததையும் சொன்னேன்.

"அப்பவும் அம்மாவைப் பார்த்தாரா" என்றார். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மாவின் அலமாரியை இன்னும் திறக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடமாட உதவிக்கு வரச்சொல்லியிருக்கிறார்.