மைனஸ் யாருடையது?

குழு: தாத்தா வீடு

கவிதா, இரவு 8.05
யாராவது ஒரு கணக்கு பார்க்க முடியுமா? பாப்பாவுக்கு நாளைக்கு முழுக்கள் பாடத்தில் தேர்வு. 20 − 8 + 5 என்பதற்கு 7 என்று போட்டிருக்கிறாள். நான் 17 என்கிறேன். "போட்மாஸில் (அடைப்புக்குறி, அடுக்கு, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என்ற வரிசையை நினைவில் வைக்கும் ஆங்கிலச் சொல்) கூட்டல்தானே முன்னால் வருகிறது? 8 + 5 = 13, அதை 20-இல் கழித்தால் 7" என்று விடாமல் வாதாடுகிறாள்.

சுந்தர் அண்ணா, 8.07
17தான். ஆனால் அவள் கேட்பதும் நியாயமாகத்தான் இருக்கிறது. அந்தச் சொல்லில் கூட்டல் முன்னால்தானே வருகிறது?

லதா அக்கா, 8.15
என் வகுப்பில் வருடம் தவறாமல் வரும் பிழை இது. பிள்ளைகள் மேல் தப்பில்லை. அந்தச் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தால் இப்படித்தான் ஆகும். வகுத்தலும் பெருக்கலும் ஒரே படி. கூட்டலும் கழித்தலும் ஒரே படி. ஒரே படியில் இருப்பவற்றை இடமிருந்து வலமாகப் போட வேண்டும். 20 − 8 = 12, 12 + 5 = 17.

லதா அக்கா, 8.18
பாப்பா, மைனஸைப் பார்த்தாலே "இது யாருடையது?" என்று கேள். இங்கே அது 8-உடையது. 20, −8, +5 என்று மூன்று எண்களாகப் பார்த்தால் எந்த வரிசையில் கூட்டினாலும் 17 வரும். நீ 8-ஐயும் 5-ஐயும் முதலில் சேர்த்ததால் 8-இன் மைனஸ் 5-க்கும் போய்விட்டது.

கவிதா, 8.21
பாப்பா எழுதுகிறேன் பெரியம்மா. அப்படியென்றால் −8 + 5 = −3, 20 − 3 = 17. வந்துவிட்டது!

லதா அக்கா, 8.21
அதேதான் கண்ணு.

சுந்தர் அண்ணா, 8.24
அக்கா, ஆபீஸில் எக்செல்லில் =-3^2 என்று அடித்தால் 9 வருகிறது. சயின்டிபிக் கால்குலேட்டரில் −9. எது சரி?

லதா அக்கா, 8.30
தேர்வில் −9 என்று எழுத வேண்டும். அடுக்கு முதலில், மைனஸ் பிறகு. அதாவது அந்த மைனஸ் 3-உடையது அல்ல, 3² முழுவதற்கும் உரியது. (−3)² என்று அடைப்புக்குறி போட்டால்தான் 3-உடையதாகி 9 வரும். எக்செல் முன்னால் நிற்கும் மைனஸை முதலில் எண்ணோடு சேர்த்துவிடுகிறது, அது அதன் வழக்கம். அதில் அடிக்கும்போது =-(3^2) என்று அடைப்புக்குறி போட்டுவிடு.

கவிதா, 8.33
பாப்பா கேட்கிறாள்: மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் பிளஸ்? "அது விதி" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

தாத்தா, 8.41
பாப்பா, கடையில் பற்று நோட்டு வைத்திருந்தேன் அல்லவா? ஒருவர் கணக்கில் 50 ரூபாய் பற்றைத் தவறுதலாக மூன்று தடவை எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொள். பற்று என்பது அவருக்குக் கடன், அதாவது −50. அந்த மூன்றையும் அடித்துவிடுகிறேன். அடிப்பதும் ஒரு மைனஸ். அவர் கணக்கில் 150 ரூபாய் ஏறியதா இல்லையா?

லதா அக்கா, 8.44
அப்பா, (−3) × (−50) = 150. இதைவிட நன்றாக நான் வகுப்பில் சொன்னதில்லை. பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலிலும் மிகை எண்ணுக்கு 'தனம்', குறை எண்ணுக்கு 'ருணம்' என்றுதான் பெயர். ருணம் என்றால் கடன். இரண்டு ருணங்களைப் பெருக்கினால் தனம் என்று அவரே விதி சொல்லியிருக்கிறார்.

லதா அக்கா, 8.46
சரி, எல்லோரும் போடுங்கள்: −4 − (−9) × 2 + 6

சுந்தர் அண்ணா, 8.48
16.

கவிதா, 8.52
பாப்பா: மாமா, −4-இலிருந்து −9-ஐ முதலில் கழித்துவிட்டீர்களா? பெருக்கல்தான் முதலில். (−9) × 2 = −18. அப்புறம் −4 − (−18) = 14. அதோடு 6 சேர்த்தால் 20. தாத்தா, அந்த 18 ரூபாய் பற்றை அடித்துவிட்டேன்!