சின்ன இணையதளம் நடத்துகிறோம், பின்னால் இருப்பவர்களைப் பற்றி எவ்வளவு சொல்வது?

காரைக்குடி மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் நாத்தனாரும் சேர்ந்து காரைக்குடியிலிருந்து சின்னதாக ஓர் இணையதளம் நடத்துகிறோம். சமையல், பழைய வீடுகளைப் பராமரிப்பது, பண்டிகை வழக்கங்கள், கண்டாங்கிச் சேலை, கொட்டான் என்கிற பனையோலைக் கூடை என்று வீட்டு வாழ்க்கையைச் சுற்றித்தான் எழுதுகிறோம். படம் எடுப்பது நாத்தனார் மகன். 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில் இப்போதைக்கு "செட்டிநாட்டுப் பாரம்பரியத்தைப் போற்றும் சிறு குழு" என்று ஒரே வரிதான் இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து படிக்கிறவர்கள் நீங்கள் யார், எந்த ஊர், இந்தச் செய்முறை யாருடையது என்று மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

தீபாவளிக்குள் பலகாரமும் கொட்டானும் விற்கத் தொடங்கலாம் என்றும் ஒரு யோசனை. அதனால் அந்தப் பக்கத்தை ஒழுங்காக எழுத வேண்டும். எங்கள் இருவரைப் பற்றி எவ்வளவு சொல்வது? பெயரும் போட்டோவும் போட்டால் ஊரில் என்ன பேச்சு வருமோ என்று மாமியார் தயங்குகிறார், அவரை மீறிச் செய்ய எனக்கு விருப்பமில்லை. அதைவிடப் பெரிய கேள்வி இன்னொன்று. எழுதுவது நாங்கள் என்றாலும் பலகாரம் சுடுகிற அக்கா, ஓலை முடைகிற பெண்கள், கேட்டபோதெல்லாம் வழக்கம் சொல்லித் தருகிற பெரியவர்கள் இல்லாமல் இதில் ஒரு பக்கம்கூட நிறையாது. அவர்களையும் அந்தப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்று ஆசை. எப்படிக் கேட்பது, எதைப் போடுவது, எதை விடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோலாலம்பூர் வாசகி:

படிக்கிறவள் பக்கத்திலிருந்து சொல்கிறேன், தங்கச்சி. நம் பக்கத்தில் புது ஆளைப் பார்த்தால் முதல் கேள்வியே எந்த ஊர் என்பதுதானே. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடு என்றால் அடுத்த கேள்வி எந்தக் கோயில். இளையாற்றங்குடியா, மாத்தூரா, வைரவன்பட்டியா, பிள்ளையார்பட்டியா என்று நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சொல்லிவிட்டால் பங்காளி முறையா, பெண் கொடுக்கிற முறையா என்பது வரை அங்கேயே கணக்குப் போட்டுவிடுவார்கள். உங்கள் பக்கத்தில் கோயிலைப் போடச் சொல்லவில்லை, அது உங்கள் வீட்டு விஷயம். ஊரைக் கட்டாயம் போடுங்கள். செட்டிநாடு என்று மொத்தமாகச் சொன்னால் சிவகங்கை மாவட்டத்திலும் புதுக்கோட்டை மாவட்டத்திலுமாக எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் வந்துவிடும், அதில் எங்கே என்று உங்களைத் தேடுவது?

எனக்கு ஊர் ஏன் முக்கியம் என்றால் செய்முறை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறுகிறது. எங்கள் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டில் கும்மாயம் என்கிற பருப்பு மாவு இனிப்புக்குக் கருப்பட்டிதான், வெல்லம் தொடவே மாட்டார்கள். அப்பத்தா வீட்டில் இரண்டையும் கலந்து போடுவார்கள். இரண்டும் சரிதான். ஆனால் "பாரம்பரியக் கும்மாயம்" என்று மட்டும் போட்டால் எந்த வீட்டுப் பாரம்பரியம் என்று எனக்குத் தெரியாது. தேவகோட்டைப் பக்கம் ஒரு ஆச்சி சொன்னது, எங்கள் அடுப்பில் செய்து பார்த்தபோது பாகு கொஞ்சம் இளகலாக வந்தது என்று எழுதுங்கள், அந்த ஒரு வரியிலேயே எழுதுகிறவர் அடுப்பு முன்னால் நின்றவர் என்று புரிந்துவிடும். போட்டோவே வேண்டாம் என்று உங்கள் மாமியார் சொன்னால்கூடப் பரவாயில்லை. யார் எழுதுகிறார், யார் சமைத்துப் பார்க்கிறார், படம் எந்த வீட்டில் எடுத்தது, இந்த மூன்றும் தெரிந்தால் என்னைப் போன்றவர்கள் நம்பிப் படிப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களுக்கு எது தெரியாது என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் வாக்கப்பட்டு வந்தவர் என்றால் அதை மறைக்காதீர்கள், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் கேட்கிற கேள்வியைத்தான் நாங்களும் கேட்க நினைத்திருப்போம்.

ஆத்தங்குடிப் பட்டறை:

அக்கா, அந்தப் பெரிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், எங்கள் வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கிற பூப்போட்ட கல் ஊற்றுகிறவர்கள். எங்கள் பட்டறைக்குப் படம் எடுக்க நிறையப் பேர் வருகிறார்கள், நல்ல மாதிரியாகத்தான் பேசுகிறார்கள். போன பிறகு வெளியாகிற படத்தைப் பார்த்தால் கை மட்டும் இருக்கும், முகம் இருக்காது. கீழே "கைவினைஞர்" என்று ஒரு சொல், அவ்வளவுதான். படம் எடுத்தவர் பெயர் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்கும், கல் ஊற்றியவர் பெயரை மட்டும் காணோம். அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. எனக்குத்தான் வருத்தம்.

ஏனென்றால் அந்த வேலையில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கிறது, பார்க்கத் தெரிந்தவர்களுக்குக் கல்லைப் பார்த்தாலே யார் ஊற்றியது என்று தெரியும். அடியில் கண்ணாடி, அதன் மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு கண்ணறையிலும் குழைத்த வண்ணத்தைக் கரண்டியால் ஊற்ற வேண்டும், பிறகு அச்சைத் தூக்க வேண்டும். தூக்குகிற அந்த ஒரு நொடியில் கை ஆடினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அப்பா அச்சை நேராகத் தூக்குவார், சித்தப்பா லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தூக்குவார். அப்புறம் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன் மேல் ஈரக் கலவை போட்டு அழுத்தி, ஓரிரு நாள் விட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவார்கள். கண்ணாடியை எடுத்தால் அந்தப் பக்கம் தானாகவே மினுமினுப்பாக வந்திருக்கும், தனியாக மெருகு கிடையாது. இதை வந்து பார்த்தவர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள். அப்பா எப்படித் தூக்குகிறார், அதை யாரிடம் கற்றார், எந்தப் பூ போடப் பிடிக்கும், எந்த வேலை வந்தால் வேண்டாம் என்பார் என்று யாரும் கேட்டதில்லை. நீங்கள் கேளுங்கள். ஓலை முடைகிறவர்களிடமும் அப்படித்தான், கொட்டானின் அழகைப் பற்றிக் கேட்காதீர்கள், ஓலையை வார்ந்து சாயம் போடும்போது எந்த நிறம் படுத்துகிறது, விளிம்பு கட்டி முடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று கேளுங்கள், அவர்களே பேசத் தொடங்கிவிடுவார்கள்.

எழுதியதைப் போடுவதற்கு முன்னால் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். போனில் அனுப்பிவிட்டு "பார்த்துச் சொல்லுங்கள்" என்றால் பாதிப் பேர் படிக்காமலே சரி என்பார்கள். உட்கார்ந்து வாய்விட்டு வாசியுங்கள். வேண்டாம் என்றால் பெயரை எடுத்துவிடுங்கள், போடலாம் என்றால் முழுப் பெயராகப் போடுங்கள், கல்யாணப் பத்திரிகையில் எப்படி இருக்க ஆசைப்படுவார்களோ அப்படி. விற்கத் தொடங்கிய பிறகு அவர்களுக்குப் போகிற கூலி எவ்வளவு என்று பக்கத்தில் போடாவிட்டாலும், அவர்களுக்குத் தெரியாத விலையில் விற்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

விற்பனை என்ற சொல் வந்துவிட்டதால் எழுதுகிறேன், அம்மா. இதுவரை உங்களைப் பற்றிச் சொல்வது உங்கள் விருப்பம். கடை திறந்தால் கொஞ்சம் கட்டாயமாகிவிடும். 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் தொழிலாக விற்கிறவர்கள் நிறுவனத்தின் சட்டப் பெயர், முகவரி, தொடர்பு எண், மின்னஞ்சல், குறைதீர்ப்பவரின் பெயர் எல்லாம் தெளிவாகத் தெரியும்படி வைக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் மாமியாரிடம் இதையும் சொல்லிப் பேசுங்கள், பெயரே இல்லாமல் கடை நடத்த வழியில்லை. வீட்டு முகவரி போடத் தயக்கம் என்றால் தொழிலுக்கென்று ஓர் இடத்தைப் பதிவு செய்து அதைக் கொடுப்பது நல்லது.

பலகாரத்துக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், அந்த 14 இலக்க எண் பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும். பின்னால் கண்டாங்கிச் சேலையும் விற்பதாக இருந்தால் இன்னும் கவனம். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் அந்தக் குறியீடு உண்டு. வேறு ஊரில் விசைத்தறியில் வந்த கட்டம் போட்ட சேலையை இந்தப் பெயரில் விற்கக் கூடாது. செய்தவர்களைப் பக்கத்தில் கொண்டுவர ஆசை என்றீர்களே, நெய்தவர் யார், எந்தத் தறி என்றும் போட்டுவிட்டால் அதுவே இதற்கும் நல்ல சாட்சியாகிவிடும்.

ஒரு கடையோ தங்கும் விடுதியோ உங்களுக்குப் பணமோ பொருளோ கொடுத்து எழுதச் சொன்னால் அந்தக் கட்டுரையின் தலையிலேயே விளம்பரம் என்று போட்டுவிடுங்கள். விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல் இதற்கென்றே வழிமுறை வெளியிட்டிருக்கிறது. 'எங்களைப் பற்றி' பக்கத்திலும் எங்களுக்கு வருமானம் இந்த வழியில் வருகிறது என்று இரண்டு வரி எழுதினால், படிக்கிறவர்களுக்கு உங்களைத் தெரிந்துகொள்ள அதைவிட நேரான வழி இல்லை என்பது என் எண்ணம்.

பள்ளத்தூர் வீட்டுப் பங்காளி:

எல்லாம் சொல்லுங்கள், இதைச் சொல்லாதீர்கள் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் இல்லையா, அது நான். நம் பக்கத்து வீடுகளின் நிலைமை உங்களுக்குத் தெரியும். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றி, இருபது அறை, அதில் பாதி பூட்டிக் கிடக்கும், பங்காளிகள் சென்னையிலும் வெளிநாட்டிலுமாக இருப்பார்கள், காவலுக்கு ஒரு வயதானவர் அல்லது தனியாக ஒரு ஆச்சி. படம் போடுகிறபோது முகப்பின் தேக்குத் தூணும் நிலைக்கதவு வேலைப்பாடும் தெரியட்டும், தெருப் பெயரும் வீட்டுப் பட்டப் பெயரும் தெரிய வேண்டாம். எந்த அறையில் வெள்ளிச் சாமான் இருக்கிறது, பித்தளை அண்டா எங்கே அடுக்கியிருக்கிறது என்று வீட்டின் முதல் கட்டு, இரண்டாம் கட்டு என ஒவ்வொரு பகுதியாக நடந்தபடி வீடியோ எடுத்துப் போடவே போடாதீர்கள். நிலையையும் தூணையும் பெயர்த்து விற்கிற காலம் இது.

அப்புறம் அனுமதி. வீட்டில் இருக்கிற ஒருவர் சரி என்றால் போதாது. ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு பங்கு இருக்கும், படையலுக்குக்கூட எல்லோரையும் கேட்டுத்தான் நாள் வைக்கிறோம், படத்துக்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குடும்பத்துக்கு வாட்ஸப் குழு இருந்தால் அதிலேயே கேட்கச் சொல்லலாம், எழுத்திலும் இருக்கும். பிள்ளைகள் படம் வேண்டாம். தனியாக இருக்கும் ஆச்சிமார் சொன்ன செய்தியைப் போட்டால் ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள், அவர் தனியாக இருக்கிறார் என்பது பரிதாபத்துக்காகக்கூட எழுத்தில் வரக் கூடாது.

உங்கள் மாமியார் தயங்குவதும் இதே பயத்தில்தான் என்று நினைக்கிறேன். உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

காரைக்குடி மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. பள்ளத்தூர் அண்ணன் சொன்னது சரியாகவே இருந்தது. மாமியாரிடம் கேட்டேன், ஊர்ப் பேச்சைவிட வீட்டுக்குள் இருக்கும் சாமான்களை நினைத்துத்தான் அவருக்குப் பயம். வீட்டுப் படம் வராது என்றதும் எங்கள் இருவர் பெயரும் ஊரும் போடச் சம்மதித்துவிட்டார். தன் பெயரை மட்டும் வேண்டாம் என்றார், விட்டுவிட்டோம். முகவரிக்கு நாத்தனார் வீட்டுக்காரர் தன் கடையைச் சொல்கிறார், அதைப் பதிவு செய்கிற வேலையைப் பார்க்க வேண்டும்.

பலகாரம் சுடுகிற அக்காவிடம் பேசி எழுதியதை இங்கே போடுகிறேன். அவரிடம் வாசித்துக் காட்டினேன், பெயரோடு போடலாம் என்றார், இங்கே மட்டும் பெயரை எடுத்திருக்கிறேன்:

"எங்கள் பலகாரம் எல்லாம் கல்லலைச் சேர்ந்த அக்கா சுடுவது. சின்ன வயதில் கல்யாண வீடுகளில் அவருடைய அத்தைக்குக் கைவேலைக்குப் போய்க் கற்றவர். வெள்ளைப் பணியாரத்துக்கு ஒரு ஆழாக்கு பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, சரிந்து விழத் தொடங்கும்போது நிறுத்துவார். தராசு வேண்டாம் என்பார். மாவை வெண்ணெயாக ஆட்டி, கொஞ்சம் பால் விட்டு, ஒரு தடவைக்கு ஒரு கரண்டிதான் எண்ணெயில் ஊற்றுவார். அவசரம் என்று சொல்லி இரண்டாக ஊற்றச் சொன்னால் கரண்டியை நம் கையில் கொடுத்துவிடுவார். மனகோலம் (பாகில் புரட்டுகிற முறுக்குப் பலகாரம்) அவருக்குப் பிடிக்காத வேலை, பாகுப் பதம் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும் என்பதால். செவ்வாய்க்கிழமை அடுப்புப் பற்ற வைக்க மாட்டார், அதனால் அன்று ஆர்டர் எடுப்பதில்லை."

ஆத்தங்குடித் தம்பி, அப்பாவிடம் நானே வந்து கேட்கலாமா? முகத்தோடு படம் எடுக்கச் சம்மதிப்பாரா என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.

ஆத்தங்குடிப் பட்டறை:

வாங்க அக்கா. காலையில் வாருங்கள், வெயில் ஏறினால் வண்ணம் சீக்கிரம் இறுகிவிடும் என்று பேசவே மாட்டார். படத்துக்குச் சட்டை மாற்றிக்கொள்ள நேரம் கொடுங்கள்.

கோலாலம்பூர் வாசகி:

அரிசி, உளுந்து அளவெல்லாம் வந்துவிட்டது, எண்ணெய் என்னவென்று போடவில்லையே. கடலை எண்ணெய்தானே? அதையும் அக்காவிடம் கேட்டுச் சேர்த்துவிடுங்கள், இங்கிருந்து நிறையப் பேர் அதைத்தான் கேட்பார்கள்.