புதுப்பிப்பு: கல்லடிச் சேற்று டயற்றம் எதுவென்று தெரிந்துவிட்டது

மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடிச் சேற்றில் கிடைத்த நெளிந்த டயற்றம் (சிலிக்கா ஓடுள்ள ஒற்றைக்கல நுண்பாசி) கைரோசிக்மாவா, புளூரோசிக்மாவா, இந்த இரண்டு பேரினங்களில் எது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி. கைகொடுத்தது, ஓட்டைச் சுத்தமாக்கி, திரவம் எதிலும் வைக்காமல் உலர்வாகவே நுணுக்குக்காட்டியில் பாருங்கள் என்று ஒரு அண்ணா சொன்ன யோசனைதான்.

ஐதரசன் பேரொட்சைட்டில் மெதுவாகச் சூடாக்கினேன். வாவிச் சேறு பயங்கரமாக நுரைத்துப் பொங்கும், பெரிய முகவையே எடுங்கள். அப்புறம் காய்ச்சி வடித்த நீரில் நன்றாகக் கழுவி, கவர்சிலிப்பில் (மெல்லிய மூடு கண்ணாடியில்) உலரவிட்டேன். முன்பு கிளிசரினில் வைத்துப் பார்த்தபோது வெறும் கண்ணாடியாகத் தெரிந்த ஓட்டில் இப்போது கோடுகள் பளிச்சென்று! கிளிசரினின் முறிவுச் சுட்டி (ஒளியை வளைக்கும் அளவு) 1.47, சிலிக்கா ஓடும் ஏறக்குறைய அதேதான், அதனால்தான் மறைந்துவிடுகிறது.

கோடுகள் சரிவாகக் குறுக்கிடுகின்றன. ஆக, புளூரோசிக்மா. செங்குத்தாக வெட்டினால் கைரோசிக்மா.

எதிர்பாராத செய்தி: ஆர்க்டிக் கடற்பனியின் அடிப்பக்கத்திலும் இதே பேரினம் வாழ்கிறதாம். இனம் பிரிக்க, 10 மைக்ரோனுக்குள் (ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக்குள்) உள்ள கோடுகளை இனித்தான் எண்ணவேண்டும்.