இடப்பக்கம் திரும்பிய மாரியோ

அல்சூர்க்காரன்:
எங்கள் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டுக்கு மேல், சுவரில் ஒரு மாரியோ இருக்கிறார். அந்த வீடியோ கேமை விளையாடியவர்கள் யார் வந்தாலும் "ஏன் இடது பக்கம் ஓடுகிறார்?" என்று கேட்டுவிடுகிறார்கள். விளையாட்டில் அவர் முன்னேறுவது வலப்பக்கம்தானே.

1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் குட்டி மாரியோ 12 புள்ளி (பிக்சல்) அகலம், 16 புள்ளி உயரம். மொத்தமே மூன்று நிறம். புள்ளிக்கு ஒரு கண்ணாடி மொசைக் துண்டு, 2 செ.மீ. அளவில். கடைக்காரர், "ஸ்விம்மிங் பூலுக்கா சார், எத்தனை சதுர அடி?" என்றார். சிவப்பும் பழுப்பும் உடனே கிடைத்தன. முகத்துக்குத்தான் திண்டாட்டம், கடைசியில் சந்தன நிறத்தில் சமாளித்தேன்.

அடுக்கியது அம்மா. முப்பது வருடமாக வயர் கூடை பின்னுகிறவர். கிராஃப் தாளைப் பார்த்ததுமே "மேல் வரி அஞ்சு சிவப்பு, அடுத்தது ஒன்பது" என்று எண்ணத் தொடங்கிவிட்டார். தப்பு என்னுடையது. துண்டுகளைக் குப்புற வைத்துத் தாளில் ஒட்டி, சுவரில் பதித்து, பிறகு தாளை நனைத்து உரிக்கும் முறை. அதற்குப் படத்தை இடவலமாக மாற்றி அடுக்க வேண்டும். உரித்த பிறகுதான் உறைத்தது.

மீசையில் ஒரு துண்டு மாறினாலும் ஆளே வேறாகிவிடுகிறார். இத்தனை குறைந்த புள்ளிகளில் வாய் வரைய முடியாமல்தான் மாரியோவை உருவாக்கிய மியாமோட்டோ மீசை வைத்தாராம். முடி வரையும் தொல்லைக்குத் தொப்பி.

(வாடகை வீடு. ஓனரிடம் இன்னும் சொல்லவில்லை.)

ஜெயநகர்வாசி:
ஆன்சைட் வேலையாகப் பாரிஸ் போனபோது தெருமுனைச் சுவர்களில், கைக்கு எட்டாத உயரத்தில் இப்படிப் பார்த்திருக்கிறேன். 1978-இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வீடியோ கேமில் வரும் பூதங்கள். இன்வேடர் என்ற புனைபெயர்க்காரர் 1990-களின் இறுதியிலிருந்து ஒட்டிவருகிறார், முகம் காட்டுவதில்லை. 2008-இல் நம் வாரணாசியிலும் ஒட்டியிருக்கிறார். அவருடைய செயலியில் படமெடுத்தால் புள்ளிகள் சேரும். வெறும் முப்பதுக்காக மழையில் நனைந்தேன். ஒன்றில் பாதித் துண்டுகள் பெயர்ந்துபோயிருந்தன. இரண்டு கண்களும் மிஞ்சியிருந்ததால் இன்னார் என்று தெரிந்தது.

அது சரி, இடுக்குகளில் வெள்ளை சிமெண்டா போட்டீர்கள்?

அல்சூர்க்காரன்:
இல்லை, கறுப்பு. வெள்ளை போட்டுப் பார்த்தேன், கட்டம்தான் தெரிந்தது, ஆளைக் காணோம்.

அப்புறம், நேற்று ஓனர் வந்தார். வெகுநேரம் மீசையையே பார்த்துவிட்டு, "இது யாரு, வீரப்பனா?" என்றார்.