வட கரோலினாவிலிருந்து மெய்னுக்குக் காரில் துப்பாக்கி கொண்டு செல்லும்போது எந்தச் சட்டம் பொருந்தும்?

கேள்வி: கரோலினாவாசி

அனைவருக்கும் வணக்கம். நான் கிரீன் கார்டுதாரர். வட கரோலினாவில் வசிக்கிறேன். இலையுதிர்கால மான் வேட்டைக்காக மெய்னில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குக் காரில் செல்ல இருக்கிறேன். மெய்னின் வேட்டை உரிமத்தை முறைப்படி பெற்றுவிட்டேன். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் இயக்கி அடுத்த தோட்டாவை ஏற்றும் நீள்துப்பாக்கி) ஒன்றையும், 15 தோட்டா கொள்ளும் மேகசின் உள்ள பிஸ்டல் ஒன்றையும் எடுத்துச் செல்ல எண்ணம். பிஸ்டலை மறைத்து எடுத்துச் செல்வதற்கான வட கரோலினா அனுமதி என்னிடம் உண்டு. வழியில் ஓர் இரவு தங்க வேண்டியிருக்கும். எச்-1பி விசாவில் இருக்கும் நண்பர் ஒருவரும் உடன் வந்து மாறி மாறிக் கார் ஓட்டுவார். நியூ ஜெர்சி, நியூயார்க் சட்டங்களைப் பற்றிக் கேள்விப்படும் செய்திகள் அச்சமூட்டுகின்றன. நான் கவனிக்க வேண்டியவை எவை என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: நெடுஞ்சாலை

தங்கள் அச்சம் நியாயமானது. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: வட கரோலினா தந்த அனுமதி மேரிலாந்திலோ, நியூ ஜெர்சியிலோ, நியூயார்க்கிலோ, மாசசூசெட்ஸிலோ செல்லாது. ஓட்டுநர் உரிமத்தைப் போல நாடு முழுவதும் ஏற்கப்படும் துப்பாக்கி அனுமதி என்று அமெரிக்காவில் எதுவும் இல்லை. அந்த மாநிலங்களைக் கடக்கும்போது தங்களுக்குத் துணை நிற்பது 1986 ஆம் ஆண்டின் துப்பாக்கி உடைமையாளர் பாதுகாப்புச் சட்டம் என்னும் மத்தியச் சட்டம் மட்டுமே. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் ஒருவர் அந்தத் துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கவும் உடன் கொண்டு செல்லவும் உரிமை பெற்றவராக இருந்தால், இடையில் உள்ள மாநிலத்தின் சட்டம் எதுவாக இருப்பினும் அவர் அதைக் கொண்டு செல்லலாம் என்கிறது அச்சட்டம். ஆனால் துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாக்களும் பயணிகள் அமரும் பகுதியிலிருந்து கைக்கு எட்டாதபடி இருக்க வேண்டும். தனி டிக்கி இல்லாத வாகனமானால் பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். டேஷ்போர்டு அறையும், முன் இருக்கைகளுக்கு நடுவில் உள்ள பெட்டியும் பூட்டியிருந்தாலும் அதற்கு ஈடாகா.

இந்தப் பாதுகாப்பு பயணம் நடந்துகொண்டிருக்கும் வரைக்கும்தான் உறுதியாக நிற்கிறது. பெட்ரோல் போடவும் உணவருந்தவும் நிற்பதை யாரும் பெரிதுபடுத்துவது அரிது. இரவு தங்குவதைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. சிக்கல் அங்கேதான் எழுகிறது. உட்டாவிலிருந்து பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்குப் புறப்பட்ட பயணி ஒருவர், 2005 இல் நியூ ஜெர்சியின் நியூவர்க்கில் இணைப்புப் பயணத்தைத் தவறவிட்டு, பிஸ்டல் இருந்த பெட்டியுடன் விடுதியில் தங்க நேர்ந்தது. மறுநாள் விமான நிலையத்தில் அவராகவே துப்பாக்கியைப் பற்றித் தெரிவித்தபோது கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டுகள் பின்னர் கைவிடப்பட்டன. ஆயினும் அவர் தொடுத்த வழக்கில், விடுதியில் இருந்த நேரத்தில் துப்பாக்கி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்ததால் மத்தியச் சட்டம் அவரைக் காக்கவில்லை என்று மூன்றாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010 இல் தீர்ப்பளித்தது.

நியூ ஜெர்சியில் அனுமதியின்றிக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது பரோல் இல்லாத 42 மாதச் சிறைக்கு இட்டுச் செல்லக்கூடிய குற்றம். பென்சில்வேனியா அனுமதி வைத்திருந்த பெண் ஒருவர் 2013 இல் அங்கே சாதாரணப் போக்குவரத்துச் சோதனையில் தம்மிடம் துப்பாக்கி இருப்பதைத் தாமே சொல்லிச் சிக்கினார். அவருக்கு முழு விடுதலை கிடைத்தது 2015 இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகுதான். நேர்மையாக நடந்துகொண்ட ஒருவர் இவ்வளவு காலம் அலைக்கழிக்கப்பட்டது எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

ஆகவே 95 ஆம் எண் நெடுஞ்சாலையைத் தவிர்த்து, 81 ஆம் எண் சாலையில் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் வரை சென்று, அங்கிருந்து 84 ஆம் எண் சாலையில் கிழக்கே திரும்புங்கள். நியூ ஜெர்சி முழுவதும் விலகிவிடும். நியூயார்க் நகரமும் விலகிவிடும். நியூயார்க் மாநிலத்தை மட்டும் தவிர்க்க முடியாது. நாட்டின் பிற பகுதிகளிலிருந்து மெய்ன் உள்ளிட்ட நியூ இங்கிலாந்து மாநிலங்களுக்குத் தரைவழியே செல்வோர் அதைக் கடந்தே ஆக வேண்டும். இரவு தங்குவதைப் பென்சில்வேனியாவிலேயே முடித்துக்கொண்டு, மறுநாள் நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ் ஆகியவற்றை எங்கும் தங்காமல் கடப்பது நல்லது.

மேகசினைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்தியச் சட்டம் துப்பாக்கியையும் தோட்டாவையும் குறிப்பிடுகிறதே ஒழிய மேகசினைத் தனியாகக் குறிப்பிடவில்லை. தாங்கள் கடக்கும் நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ் மூன்றிலும் வரம்பு 10 தோட்டா. 15 தோட்டா மேகசினை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பதில்: குடியேறி

மேலே உள்ள பதில் முழுமையானது. ஆனால் தங்கள் நண்பரின் நிலை அதில் இடம்பெறவில்லை. எனக்கு அதுவே பெரிய கவலையாகத் தெரிகிறது. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை மத்தியச் சட்டமே தடை செய்கிறது. அது எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும்; தாராளமான சட்டங்கள் உள்ள மாநிலத்திலும் இதிலிருந்து விலக்குக் கிடையாது. முக்கியமான விதிவிலக்கு, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது. துப்பாக்கி தம்முடையதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அது தம் கட்டுப்பாட்டில் இருந்தாலே வைத்திருந்ததாகக் கருத இடமுண்டு. தாங்கள் பின்னிருக்கையில் உறங்க, அவர் கார் ஓட்ட, துப்பாக்கிப் பெட்டியின் சாவி கார்ச் சாவியோடு ஒரே வளையத்தில் தொங்கினால் அவர் என்ன விளக்கம் சொல்ல முடியும்? பெட்டியின் சாவி எப்போதும் தங்கள் உடலோடு இருக்கட்டும். பூட்டின் எண் அவருக்குத் தெரிய வேண்டாம். அவரும் வேட்டை உரிமம் பெற்றுக்கொண்டு புறப்படுவது இதைவிடச் சிறந்தது.

தங்களுக்கும் ஒரு சொல். கிரீன் கார்டுதாரருக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை உண்டு. ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் குடிவரவுச் சட்டப்படி அவரை நாடு கடத்த முடியும். குடிமகன் ஒருவர் அபராதம் கட்டியோ வழக்கறிஞர் வழியாகச் சமரசம் பேசியோ முடித்துக்கொள்ளும் வழக்கு, நமக்குப் பல ஆண்டுகள் கட்டி எழுப்பிய வாழ்க்கையையே பறித்துவிடக் கூடும். அப்படி ஏதேனும் நேர்ந்தால் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கரோலினாவாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நண்பரின் விசா இதில் குறுக்கிடும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. என் வாகனம் எஸ்யூவி. தனி டிக்கி கிடையாது. இவ்வளவு சிக்கலுக்கு விமானத்தில் செல்வதே மேல் என்று மனைவி சொல்கிறார். அது எளிதா?

பதில்: வேட்டைப்பருவம்

எஸ்யூவியானால் ரைஃபிளை உறுதியான, பூட்டக்கூடிய பெட்டியில் வைத்துப் பின்பகுதியில், மற்றச் சாமான்களுக்கு அடியில் வையுங்கள். தோட்டாக்களைத் தனிப் பெட்டியில் பூட்டுங்கள். காவலர் நிறுத்தினால் மரியாதையோடு பதில் சொல்லுங்கள். துப்பாக்கி இருப்பதைக் கேட்காமலே தெரிவிக்கும் கடமை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், கடக்கும் ஒவ்வொரு மாநிலத்தின் விதியையும் புறப்படும் முன் படித்துவிடுங்கள். வாகனத்தைச் சோதிக்க இசைவு கேட்டால் மறுக்கும் உரிமை உண்டு.

விமானத்தில் விதிகள் தெளிவாக இருக்கின்றன. தோட்டா நீக்கிய துப்பாக்கியைப் பூட்டிய, கடினமான பெட்டியில் வைத்து, ஒவ்வொரு முறையும் விமான நிறுவனத்தின் முகப்பில் அறிவித்து, கைப்பையாக அல்லாமல் ஒப்படைக்கும் சாமானாகக் கொடுக்க வேண்டும். சாவி தங்களிடமே இருக்கும். தோட்டாக்களை அவற்றுக்குரிய பெட்டியில் அடுக்க வேண்டும். பல நிறுவனங்கள் 11 பவுண்டுக்கு மேல் ஏற்பதில்லை. கைப்பையில் ஒரு தோட்டா கூடத் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் நிற்காத விமானம் கிடைத்தால் கட்டணம் சற்றுக் கூடுதலானாலும் அதையே எடுங்கள். நியூவர்க், நியூயார்க் நகரின் ஜேஎஃப்கே, லகார்டியா ஆகிய விமான நிலையங்கள் வழியாக மட்டும் வேண்டாம். விமானம் திசைதிருப்பப்பட்டு அங்கே இறங்க நேர்ந்தால், துப்பாக்கி உள்ள பெட்டியைக் கையில் வாங்காமல், விமான நிலையக் காவலரிடமோ ஊழியரிடமோ சொல்லி அங்கேயே வைத்திருக்கக் கேளுங்கள். மேலே சொன்ன 2010 தீர்ப்பிலேயே நீதிபதிகள் இவ்வழியைச் சுட்டியிருக்கிறார்கள்.

ரயிலைப் பற்றி யோசித்தால், பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் 24 மணி நேரத்துக்கு முன் தொலைபேசியில் தெரிவித்தால்தான் ஏற்கும். அதுவும் சரக்குப் பெட்டி வசதி உள்ள ரயில்களில், அவ்வசதி உள்ள நிலையங்களுக்கு இடையில் மட்டும். கிரேஹவுண்ட் பேருந்தில் துப்பாக்கிக்கே இடமில்லை.

என் கருத்தைக் கேட்டால், பிஸ்டலை விட்டுவிட்டுச் செல்லுங்கள். மான் வேட்டைக்கு அது தேவையில்லை. இவ்வழியில் வரக்கூடிய தொல்லைகளில் பெரும்பகுதி அதனால்தான் வரும். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு, நியூயார்க் நகரம் நீங்கலாக, நியூயார்க் மாநிலத்தில் உரிமமே கேட்பதில்லை.

கரோலினாவாசி

பிஸ்டலை எடுத்துச் செல்லப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ரைஃபிளோடு 81 ஆம் எண் சாலையில் செல்கிறோம், ஸ்க்ரான்டனில் தங்குகிறோம். நண்பர் வேட்டை உரிமத்துக்கு விண்ணப்பிக்கிறார். அது கைக்கு வந்த பிறகே பயண நாளை உறுதி செய்வோம்.