வட ஆப்பிரிக்கப் பைப்புழு: கூட்டை மட்டும் பார்த்து இனத்தைச் சொல்ல முடியுமா?

கேள்வி:
அல்ஜீரியாவில் பிஸ்க்ரா பக்கம் ஒரு வேல மரத்தில் தொங்கிய பைப்புழுக் கூடு (குச்சி, இலைத் துண்டுகளை ஒட்டிக் கட்டிய பைக்குள் வாழும் அந்துப்பூச்சிப் புழுவின் கூடு) கையில் இருக்கிறது. சின்னச் சின்னக் குச்சிகளைக் குறுக்காக அடுக்கி, நாலு பட்டையும் தெளிவாகத் தெரிகிற மாதிரி கட்டியிருக்கிறது. பெட்டியில் வைத்திருந்தபோது ஆண் அந்துப்பூச்சி வெளியே வந்தது, ஊசி குத்தி உலர வைத்துவிட்டேன். அமிக்டா குவாட்ரங்குலாரிஸ் என்ற பைப்புழு இனம் என்று சீட்டு எழுதிவிடலாமா? அறுத்துப் பார்க்காமல் பெயர் எழுதாதே என்கிறார் நண்பர். அறுத்தால் எதைப் பார்ப்பது? ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் இருக்கிறது.

பதில் 1:
நண்பர் சொல்வதுதான் சரி. கூட்டை வைத்துத் துணிந்து பேர் சொல்லக்கூடியது அப்டெரோனா என்ற பைப்புழுப் பேரினம் மாதிரி சிலதுதான், அது நத்தை ஓடு போலவே சுருண்டிருக்கும் (அதில் பெரும்பாலும் ஆணே கிடைக்காது, பெண் கலவியில்லாமலே முட்டையிடும்). குச்சியைக் குறுக்காக அடுக்குவது மெகலோஃபனிஸ் பேரினத்திலும் உண்டு, அதோடு புழு எந்தச் செடியில் இருந்ததோ அதன் துண்டுகளைத்தான் ஒட்டிக்கொள்ளும், அதனால் ஒரே இனத்தின் கூடே இடத்துக்கு இடம் வேறு மாதிரி தெரியும்.

ஆண் கிடைத்தது அதிர்ஷ்டம். முதலில் முன்கால் டிபியாவின் (தொடைக்கு அடுத்த நீளமான கணுவின்) உள்பக்கம் பாருங்கள், எபிஃபைசிஸ் என்ற முள் மாதிரி ஒரு நீட்சி இருக்கும். சில பேரினங்களில் அது டிபியா அளவுக்கே நீளம், சிலவற்றில் குட்டை, சிலவற்றில் இல்லவே இல்லை. பேரினத்தைப் பிரிக்க நான் முதலில் நம்புவது இதைத்தான். அப்புறம் உணர்கொம்பில் எத்தனை கணுக்கள் என்று எண்ணுங்கள். முன்னிறக்கையில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால் நரம்புகள் பளிச்சென்று தெரியும், அது காய்வதற்குள் நடு அறையிலிருந்து (இறக்கை நடுவில் நரம்புகள் சூழ்ந்த இடம்) கிளம்பும் நரம்புகளில் 4-ம் 5-ம் ஒரே காம்பில் வருகிறதா தனித்தனியாகவா என்று குறித்துக்கொள்ளுங்கள். நடு அறையின் செதில்களையும் விடாதீர்கள்: மயிர் போல ஒல்லியானது 1, அகலமானது 6 என்று வகுப்புப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இனம் என்று வரும்போது கடைசியில் ஜெனிட்டாலியாதான், அதாவது வயிற்று நுனியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்புகள். வயிற்றைக் கழற்றி 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, தூரிகையால் செதிலைத் துடைத்து, கிளிசரினில் போட்டு வால்வா (பெண்ணைப் பிடிக்கும் மடல்), சாக்குலஸ் (அந்த மடலின் அடிப்பகுதி), சாக்கஸ் (உறுப்பின் அடியில் முன்னோக்கி நீளும் பகுதி) நீளம், ஃபாலஸ் (ஆண்குறி) எல்லாவற்றையும் பாருங்கள். கவர் ஸ்லிப் போட்டு அமுக்குவதற்கு முன்னாலேயே அடிப்பக்கமும் பக்கவாட்டும் படம் எடுத்துவிடுங்கள், அமுக்கினபிறகு வடிவமே மாறிவிடும்.

பதில் 2:
இவ்வளவு எதற்கு, ஒரு காலைப் பிய்த்து டிஎன்ஏ பார்கோடுக்கு (ஒரு சிறு மரபணுத் துண்டை வைத்து இனம் காணும் சோதனைக்கு) அனுப்பினால் முடிந்தது.

பதில் 1:
அனுப்பட்டும், ஆனால் முன்காலில் கைவைக்க வேண்டாம், எபிஃபைசிஸ் அங்கேதான் இருக்கிறது! ஒரு பக்கத்துப் பின்கால் போதும். பார்கோடு வந்தாலும் ஒப்பிட ஒரு பெயர் வேண்டுமே. அல்ஜீரிய அந்துப்பூச்சிகள் பலவற்றுக்கு 1910-களில் வால்டர் ராத்ஸ்சைல்ட் என்ற ஆங்கிலேயப் பூச்சி சேகரிப்பாளர் பெயர் வைத்தார், அவருடைய சேகரிப்பு 1937-ல் அவர் இறந்தபின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது. நூறு வருஷத்துக்கு முந்தைய அந்த மாதிரி டைப் உடல்களோடு (ஓர் இனத்துக்குப் பெயர் வைக்க அடிப்படையான மூல மாதிரிகளோடு) உங்கள் பூச்சியைச் சேர்த்துப் பார்க்க உடற்கூறுதான் கைகொடுக்கும்.

கேட்டவர்:
நன்றி. நரம்பு பார்த்தேன். இடது இறக்கையில் 4-ம் 5-ம் ஒரே காம்பு, வலதில் தனித்தனி. எதை எடுத்துக்கொள்வது?

பதில் 3:
இரண்டையும் எழுதுங்கள். பைப்புழுக்களின் சைக்கிடே குடும்பத்தில் இது சகஜம், அதனால்தான் ஒரே ஒரு பூச்சியின் நரம்பை வைத்துப் புது இனம் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அதே மரத்தில் வேறு கூடுகள் இருந்தால், கீழ்முனையில் கூட்டுப்புழுத் தோல் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், நீட்டியிருந்தால் ஆண் வெளியேறிய கூடு. இல்லாததைப் பத்திரமாகப் பிரியுங்கள், உள்ளே இறக்கையில்லாத, புழு மாதிரியே இருக்கிற பெண் கிடைக்கலாம். அதை உலர்த்தாமல் ஆல்கஹாலில் போடுங்கள். இப்போதைக்குச் சீட்டில் "அமிக்டா?" என்று கேள்விக்குறியோடு எழுதி, கூட்டையும் ஆண் விட்டுப்போன தோலையும் அதே ஊசியில் சேர்த்து வையுங்கள்.